வண்டி முருகனுக்கு நடை சாத்திய கதை

நாமக்கல் முட்டை வியாபாரி குழந்தைவேலுக்குக் கோபம் வந்தால் தெருவே ஒதுங்கும். அன்று காலையும் அவருடைய பிக்கப் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியைப் புதுசாக மாற்றியும் இதே கூத்துதான்.

"ராத்திரியெல்லாம் வண்டியில பாட்டுக் கேட்டா பேட்டரி எப்படிடா நிக்கும்?" என்று டிரைவர் நல்லியப்பனைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கே சரி பண்ணு, இல்ல வேலையை விட்டுப் போ. ஆனா சாமி விளக்கு மேல கை வெச்சே, தொலைச்சுப்புடுவேன்!"

வண்டிக்குள் முன்பக்கம் இருக்கும் முருகன் சிலையைச் சுற்றி மினுக்கும் பல்பு மாலை அது. அணையவே கூடாதென்று முதலாளிதான் நேராக பேட்டரியில் மாட்டச் சொல்லியிருந்தார்.

நல்லியப்பன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றி நடுவில் ஒரு சின்ன பல்பைக் கோத்தான். அது மங்கலாக எரிந்தது.

"கரண்டு எங்கியோ போகுதுங்க. எதைப் பிடுங்கினா இது அணையுதோ அதுதான் திருடன். நீங்களே பிடுங்குங்க."

முதலாளி ஆசையாக ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கினார். பல்பு அணையவில்லை. மற்ற ஃபியூஸ்களையும் பிடுங்கினார். அப்போதும் எரிந்தது. கடைசியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமி விளக்கு வயரை இழுத்தார். நடுவில் கோத்த பல்பு பொசுக்கென்று அணைந்தது.

"அப்போ சாமியா திருடன்?" என்று சீறினார்.

"ஐயோ, அவரு பாவமுங்க! பழனியிலயே ராத்திரி நடை சாத்தி அவரைத் தூங்க வெக்கிறாங்க. நாமதான் விடிய விடிய முழிக்க வெச்சிருக்கோம்."

முதலாளி சிலையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. விளக்கு வயர் சாவியோடு சேர்ந்தது; இனி சாவியை எடுத்தால் சாமி விளக்கும் அணைந்துவிடும். மறுநாள் வண்டி ஒரே திருகலில் உறுமியதும்தான் நல்லியப்பனுக்கு மூச்சே வந்தது.

இப்போதெல்லாம் வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் முதலாளியின் குரல்தான் முதலில் கேட்கும்: "நல்லியப்பா, நடை சாத்தியாச்சா?"