பானைக்குள் போன தாலாட்டு

முன்னொரு காலத்தில், கழுதைகூட ராகம் போட்டுக் கத்திய காலத்தில், மஞ்சக்கேணி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே ஒரு வினோதமான வழக்கம். எந்தப் பாட்டுக்கு எந்த நேரமோ, அந்த நேரத்தில்தான் பாட வேண்டும். விளையாடும்போது ஆனைப் பாட்டு, சோறு ஊட்டும்போது காக்காப் பாட்டு, தூளி ஆட்டும்போது தாலாட்டு. மாற்றிப் பாடினால் முதுகில் ஒன்று விழும்! தாலாட்டும் எல்லா வீட்டுக்கும் ஒன்றேதான். ராணி பாடியதும் அதுதான், உப்பு விற்கிற நாச்சாயி பாடியதும் அதுதான்.

அந்த நாச்சாயிக்கு ஆறு வயதில் ஒரு மகள், பூவாத்தா. நாலு மாதத்தில் ஒரு மகன், கட்டிமுத்து. தம்பி என்றால் பூவாத்தாவுக்கு உயிர். அவன் தும்மினால்கூட ஊரெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

ஒரு நாள் மத்தியானம், வீட்டுக்கு வீடு தாய்மார் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரம், வானத்தில் ஒரு முறம் பறந்து வந்தது. முறத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் முழியாண்டி என்ற மாயாவி. கண் இரண்டும் கோழிமுட்டை மாதிரி பிதுங்கி நின்றன. மடியில் ஒரு மண்பானை.

"ஆகா, அகப்பட்டாய்!" என்று கூவினான். தாலாட்டின் கடைசி வார்த்தையை எட்டிப் பிடித்தான், சர்ரென்று இழுத்தான், பானைக்குள் போட்டு மூடினான். வந்த வழியே பறந்து போய்விட்டான்.

அவ்வளவுதான். தாலாட்டுப் பாட வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தைகூட யாருக்கும் வரவில்லை. ஒரு நாள் போச்சு, இரண்டு நாள் போச்சு, மூன்று நாளும் போச்சு. ராஜ்யத்தில் ஒரு பச்சைப்பிள்ளைகூடக் கண்ணை மூடவில்லை.

மந்திரி ஒரு தாலாட்டு எழுதினார். அதைக் கேட்டு மந்திரிதான் தூங்கினார். சேனாதிபதி முரசை மெதுவாகத் தட்டிப் பார்த்தார். அவருக்கு எங்கே மெதுவாகத் தட்டத் தெரியும்? பிள்ளைகள் வீறிட்டன. அரண்மனைப் பாகவதர் வந்து இழுத்தார், இழுத்தார், ஒரே வார்த்தையை ஒரு நாழிகை இழுத்தார். பயந்துபோன நாய்களும் சேர்ந்து அழுதன.

கட்டிமுத்து பால் குடிப்பதையும் விட்டுவிட்டான். அழுது அழுது குரலே கம்மிப்போச்சு. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள பிள்ளை தூங்கியாகணும், நாச்சாயி. இல்லேன்னா தாங்காதும்மா."

நாச்சாயி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பூவாத்தா வேப்பமரத்தில் கட்டிய தூளியைப் பிடித்தபடி நின்றாள். ஆட்டக்கூட மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுச் சிங்காரம், நாலு வயசு வாண்டு, மரத்தடியில் மண்ணைக் குவித்தபடி பாடினான்:

"தொம்மு தொம்மு ஆனைக்குட்டி
தோப்புப் பக்கம் போனுச்சாம்
கிண்ணத்துக்குள் மூக்கை விட்டு
கூரை மேலே குந்துச்சாம்!"

"அடேய்! மூக்கை விட்டது காக்காடா! ஆனை எங்கேடா கூரையில குந்தும்?" என்றாள் பூவாத்தா.

"எனக்கு அப்படித்தான் வருது" என்றான் சிங்காரம். மறுபடியும் அதையே பாடினான். பாவம், அவனும் வெயிலில் களைத்திருந்தான். பாட்டு மெதுவாக, இழுத்து இழுத்து வந்தது.

அப்போது பூவாத்தாவின் கை தானாகத் தூளியை ஆட்டியது. யாரும் ஆட்டச் சொல்லவில்லை, கையாகவே ஆட்டியது. தூளிக்குள் அழுகை நின்றது. எட்டிப் பார்த்தால், கட்டிமுத்து கண்ணைக் கொட்டிக் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்!

"சிங்காரம்! ஆனைப் பாட்டும் காக்காப் பாட்டும் ஒரே மெட்டுடா! அதே மெட்டுதான்டா நம்ம தாலாட்டும்! என் கைக்குத் தெரியுது, தம்பிக்கும் தெரியுது!"

உடனே ஆனைப் பாட்டை மெல்ல மெல்லப் பாடினாள். நாச்சாயி பதறி ஓடி வந்தாள். "ஏண்டி, தூங்கற நேரத்துல ஆனைப் பாட்டா?" என்று கையை ஓங்கியவள், பிள்ளையின் இமை சொருகுவதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

விர்ர்ரென்று வந்து இறங்கியது முறம்.

"பானை மூடியிருக்கு, பாட்டு எப்படி வெளியே வந்தது?" என்று கத்தினான் முழியாண்டி. ஆனைப் பாட்டின் கடைசி வார்த்தையைப் பிடித்தான், சர்ரென்று இழுத்தான், பானைக்குள் போட்டு மூடினான். கட்டிமுத்து திடுக்கிட்டு விழித்தான்.

பூவாத்தா பயப்படவில்லை. பயந்தாள்தான், ஆனாலும் நிறுத்தவில்லை. காக்காப் பாட்டை எடுத்தாள். அதையும் பிடித்தான், சர்ரென்று இழுத்தான், பானைக்குள் போட்டு மூடினான்.

"இனி என்ன பாடுவே, பாடு பார்ப்போம்!" என்று கொக்கரித்தான்.

வார்த்தை ஒன்றும் மிச்சமில்லை. பூவாத்தா தம்பியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். "ம்ம்ம் ம்ம்ம்..." என்று அதே மெட்டை முனகினாள்.

முழியாண்டி கையை நீட்டினான். பிடிக்க வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை! இந்தப் பக்கம் தாவினான், அந்தப் பக்கம் தாவினான். சிங்காரமும் சேர்ந்து முனகினான். நாச்சாயியும் முனகினாள். கட்டிமுத்துவின் கண் மூடியது.

மாயாவி தடுமாறினான். ஆ...வ் என்று ஒரு கொட்டாவி விட்டான். பானை கை நழுவிச் சுக்குநூறாக உடைந்தது. மூன்று பாட்டும் பறந்து அவரவர் நாக்குக்கே திரும்பின. வாசலுக்கு வாசல் தாலாட்டுக் கேட்டது:

"கண்ணு கண்ணு சின்னக் கண்ணு
காத்தும் தூங்கப் போனுச்சாம்
தூளி தாங்கும் வேப்பங்கிளை
தோளைச் சாய்ச்சு நின்னுச்சாம்."

முழியாண்டி அழுதே விட்டான். "நான் தூங்கி முந்நூறு வருஷமாச்சு, பாப்பா. பாட்டை வச்சிருந்தாத் தூக்கம் வரும்னு நினைச்சேன். பானையில காதை வச்சு வச்சுப் பார்த்தேன். சத்தமே இல்லை."

பூவாத்தாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. "வந்து கேட்டிருந்தாப் பாடியிருப்போமே!" என்றாள்.

அதற்குள் அவன் தூளிக்குக் கீழே சுருண்டு, முறத்தைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

விஷயம் கேட்டு ராஜா பல்லக்கில் ஓடி வந்தார். "என்ன வேண்டுமோ கேள், பெண்ணே!" என்றார்.

"சத்தம் போடாதீங்க, தம்பி தூங்கறான்" என்றாள் பூவாத்தா. பிறகு யோசித்துச் சொன்னாள்: "சிங்காரம் பாட்டை மாத்திப் பாடினா யாரும் அடிக்கக் கூடாது."

ராஜா தலையாட்டினார். அன்றோடு அந்த வழக்கம் ஒழிந்தது. அவள் கேட்காமலே ஒரு வண்டிக் கரும்பும் வந்தது.

அப்புறம் ஒவ்வொரு மத்தியானமும் வேப்பமரத்தடியில் ஒரு முறம் இறங்கும். தூளியில் ஒருவன், தூளிக்கடியில் ஒருவன். நடுவில் நின்று பூவாத்தா ஆட்டுவாள், சிங்காரம் பாடுவான். ஆனை கூரை மேல் ஜம்மென்று குந்தியிருக்கும். யார் அங்கே கொட்டாவி விடுவது? சரி சரி, கதையும் தூங்கப் போகட்டும்.