அணிலம்மா மேலே போய்ப் படித்த வரி

பிள்ளைகளே, இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் இளைய மகள் ஜெபராணி. போன ஐப்பசியில், கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்று ஏறவில்லை என்று சாப்பாட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தவள், பிறகு தானாகவே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

ஒரு காட்டில், மழை இறங்கப்போகிற நேரம். அங்கே ஓர் அணிலம்மா. கொட்டைகளைப் புதைப்பதில் கெட்டிக்காரி. புதைத்த இடத்தை மறப்பதிலும் அப்படியே. போன மழையில் அவள் குட்டிகள் பட்டினி கிடந்தன.

"இந்த முறை ஒன்று விடாமல் குறித்து வைப்பேன்" என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

குறிப்பெழுதத் தூக்கணாங்குருவி ஒரு நிரல், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம், செய்து காட்டுக்கே இலவசமாய்க் கொடுத்திருந்தது. ஆனால் அது சமைத்த சோறு இல்லை. அரிசியும் பருப்பும்போல வெறும் மூலநிரல். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து நாமேதான் ஆக்கிக்கொள்ள வேண்டும்.

அணிலம்மா கட்டளையை அடித்தாள். வரிகள் கடகடவென்று ஓடின. சட்டென்று திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைகள்!

பதறிப்போய் அதையே மறுபடி அடித்தாள். மறுபடியும் சிவப்பு.

"என்ன அணிலக்கா, அடுப்பு பற்றவில்லையா?" என்றது கிளையிலிருந்த காக்கை.

"கேலி பண்ணாதே தம்பி. வானம் இருட்டுகிறது."

"கடைசி வரியைப் பார். 'முடியவில்லை, நிறுத்துகிறேன்.' கம்ப்யூட்டரே கைவிட்டுவிட்டது! இதெல்லாம் நமக்கு எதற்கு அக்கா? புதைத்த இடங்களை என் காதில் சொல். நான் மனசில் வைத்துக்கொள்கிறேன்."

முதல் தூறல் விழுந்தது. பொந்துக்குள் குட்டிகள் கீச்சிட்டன. அணிலம்மா வாயைத் திறந்தேவிட்டாள்.

"அந்த இலுப்பை மரத்தடியில்..."

"எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" காக்கை இரண்டு கிளை கீழே இறங்கிவிட்டது.

அந்த அவசரம் அவளைச் சுருக்கென்று தைத்தது. வாயை மூடினாள், கண்ணையும் மூடினாள்.

"ஆண்டவரே, என் பதற்றத்தைக் கொஞ்ச நேரம் நீர் வைத்துக்கொள்ளும்."

பிறகு திரையை மேலே, இன்னும் மேலே தள்ளிக்கொண்டு போனாள். சிவப்பு தொடங்கிய இடத்தில் முதல் வரி இருந்தது. 'எனக்குத் துணையாக வேண்டிய நிரல் இங்கே இல்லை' என்று அதன் பெயரோடு சொல்லியிருந்தது.

"அட, பருப்பை எடுத்து வைத்தேன், பானையை வைக்கவில்லையே!"

துணை நிரலை இறக்கிவைத்துக் கட்டளையை அடித்தாள். வரிகள் ஓடின. பாதியில் நின்றன, அவள் மூச்சும் நின்றது. மறுபடி ஓடி, 'தயார்' என்று முடிந்தன.

மழை கொட்டுமுன் கொட்டை புதைத்த எல்லா இடங்களையும் குறிப்பில் அடித்து முடித்தாள்.

"என்ன எழுதினாய் அக்கா? கொஞ்சம் சத்தமாய்ப் படியேன்!"

"இதைக் குட்டிகளுக்கு மட்டும்தான் படிப்பேன் தம்பி. நனையாதே, வீட்டுக்குப் போ."

நீதி: பதறுகிறவர் கண்ணுக்குக் கடைசி வரிதான் தெரியும், பழுது முதல் வரியில் இருக்கும்.

பிள்ளைகளே, இனி உங்கள் திரை சிவந்தால், மேலே போய் முதல் வரியை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.