ஊறாத நரிப்பயறு

"எனக்கு இந்த மடம் ஒத்துவரலைம்மா. பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்புறேன்" என்றார் பூவலிங்கம்.

பூவலிங்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கரட்டுக் குன்றின் அடிவாரத்து மடத்துக்கு வந்த நாளிலிருந்து சமையல்கட்டு அவர் பொறுப்பு. குரு தாயம்மைக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. வருத்தம் வேறு.

கூட வந்தவர்கள் எல்லாரும் தியானத்தில் எங்கேயோ போய்விட்டார்கள். ஜவுளிக்கடை வன்னியப்பன் கண்ணை மூடினால் பொலபொலவென்று கண்ணீர் வடிக்கிறார். ஞானசௌந்தரி டீச்சர் உட்கார்ந்தால் மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் அசைவதில்லை. இவர் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. தூக்கம் கலைந்தால் பசி வருகிறது.

"எல்லாருக்கும் சொல்றதைத்தான் எனக்கும் சொல்றீங்க. எனக்கு மட்டும் உள்ள எதுவும் இறங்க மாட்டேங்குது."

மகன் வீட்டில் அவருக்கென்று ஒரு கட்டில் இருக்கிறது, எதிரே டி.வி. இருக்கிறது. போய்ப் படுத்தால் மிச்ச ஆயுசும் அந்தக் கட்டிலில்தான். அதற்குப் பயந்துதான் மனுஷர் இங்கே வந்ததே. இப்போது வேறு வழி தெரியவில்லை. மடத்து வாசலில் நிறுத்தி ஏற்றிக்கொள்ளும்படி டிரைவரிடமும் சொல்லியாகிவிட்டது.

தாயம்மை தடுக்கவில்லை. "சரிங்கய்யா. சுண்டலை மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

முதல் நாளே நரிப்பயறு ஊறப்போட்டிருந்தார். கரட்டில் தானாகப் படர்ந்து கிடக்கும் காட்டுக்கொடி அது. பயறு என்று பேர்தான், மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு.

சல்லடையில் கொட்டி அலசினார். உப்பி மெத்தென்று ஆனது மேலே நின்றது. ஊறாதது போட்டபடியே கறுத்து இறுகிக் கீழே விழுந்தது. ஒருமுறை ஒரு விருந்தாளியின் பல்லைப் பதம் பார்த்ததிலிருந்து இந்தக் கல்பயறைப் பிரித்தெடுத்துவிடுவார்.

மெத்தென்றதை அடுப்பில் ஏற்றினார். கல்பயறை ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து குருவிடம் நீட்டினார்.

"பாருங்கம்மா. ராத்திரி பூரா தண்ணியிலதான் கெடந்துச்சு. ஒரு சொட்டு உள்ள இறங்கலை. அப்படியே நான்தான்."

"இதை என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? பின்வாசப்படியில நின்னு கொல்லையில வீசுவேன்."

"வாங்க, வீசிட்டு வருவோம்."

வீசியதோடு திரும்பிவிடுகிறவர், இன்றைக்குக் கொல்லைக்குள் இறங்கிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

தரை தெரியாமல் நரிப்பயறு படர்ந்திருந்தது. மூன்று மூன்றாகப் பிரிந்த இலை. மஞ்சள் பூவும் பிஞ்சும் முற்றின காயும் ஒரே கொடியில். வெயில் பட்டுக் காய்ந்த காய்கள் முறுக்கிக்கொண்டு பட் பட்டென்று வெடித்தன. ஒரு மணி வந்து அவர் வழுக்கையில் பட்டுத் தெறித்தது.

"யாரு விதைச்சது?" என்று கேட்டார் தாயம்மை.

"யாரும் விதைக்கலையே. நான் வீசுனதுதான்..."

"சித்திரை மழைக்கு இங்க முளைச்சுது. அதெல்லாம் எங்க?"

அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு மழைதான் பெய்தது. கொல்லை முழுக்கப் பச்சென்று வந்தது. அப்புறம் சொட்டு மழை இல்லை. அத்தனை முளையும் வெயிலில் கருகியதைப் பார்த்து அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

"எல்லாம் கருகிப்போச்சேம்மா."

"அப்ப இது?"

"இது அப்ப முளைக்காமக் கெடந்தது. ஐப்பசி மழைக்குத்தான்..."

பூவலிங்கம் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

"இது எப்பம்மா முளைக்கும்?" என்று கேட்டார்.

"அடுப்புல சுண்டல் அடிப்பிடிக்குது பாருங்க" என்றார் தாயம்மை.

அதே நேரம் வாசலில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஒருமுறை. மறுமுறை. டிரைவர் நல்ல மனுஷன், காத்திருந்தான்.

பூவலிங்கம் கையிலிருந்ததைக் கொல்லை முழுக்கப் பரவலாக வீசினார். மடத்தில் எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நேரம் அது. அதெல்லாம் அவருக்கு நினைவே இல்லை. சர்வீஸ் பூராவும் கூட்டத்துக்கு மேலே கேட்ட அந்தக் குரலை எடுத்து, வாசலைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார்.

"போலாம், ரைட்."

பஸ் கிளம்பிப் போயிற்று. வன்னியப்பனுக்குக் கண்ணீர் நின்றுபோயிற்று. பூவலிங்கம் சுண்டலை இறக்கப் போனார்.