கழித்த காளை

உறைவிந்து நிலையத்தின் துணை இயக்குநர் வைத்தீஸ்வரன், காளையின் புது விந்தில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தே, உறைந்து உருகிய பிறகு அது பிழைக்குமா என்று சொல்லிவிடுவார். "என் கணிப்பு ஒருநாளும் தப்பியதில்லை" என்று மார்தட்டுவார்.

அன்று காரிக் காளையின் உயிரணுக்கள் மந்தமாக நெளிந்தன.

"தேறாது. கீழே கொட்டு. காளையைக் கசாப்புக்கு அனுப்பு."

காரியை வளர்த்த கொட்டில் ஆள் பெரியாண்டி, ஆய்வுக்கு வந்திருந்த இயக்குநரின் முன்னால் கைகட்டி நின்றான்.

"ஐயா கணிப்பு எப்படிங்க தப்பும்? ஐயா தேறாதுன்னதை எல்லாம் அப்பவே கொட்டிட்டோம். ஒண்ணையாச்சும் உறைய வெச்சிருந்தாத்தானுங்களே தப்பறதுக்கு?"

"முட்டாள்! சாகப் போவதை எவனாவது உறைய வைப்பானா?" என்று சீறினார் வைத்தீஸ்வரன்.

"அத்தனை நிச்சயம்னா, வெச்சுப் பாக்க என்னங்க பயம்?"

இயக்குநர் சிரித்துவிட்டார். காரியின் விந்தையும், வைத்தீஸ்வரன் மெச்சிய சீமைக் காளையின் விந்தையும் உறைய வைத்து, மறுநாள் உருக்கினார்கள். காரியினுடையது நீந்தியது. சீமைக் காளையினுடையது அசையவே இல்லை. சோதிக்காத வரைக்கும் யார்தான் ஞானியில்லை?

காரி கொட்டிலிலேயே தங்கியது. வைத்தீஸ்வரனை ஊட்டிக்கு மாற்றினார்கள்.

"அங்கே எப்படி இருப்பாரோ?" என்றார் குமாஸ்தா.

பெரியாண்டி காரியின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்: "இங்கே நல்லாத் துள்ளிட்டுத்தான் இருந்தாருங்க. குளிர்ல வெச்சு எடுத்தாத்தானே தெரியும்."