பட்டத்துப் பூனையும் வைத்தியரின் பத்தியமும்

என்னை முதன்முதலில் திருடன் என்று சொன்னவர் அரண்மனை வைத்தியர் தாண்டவராயர். அதுவும் நிறைந்த சபையில். பெயரை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் அவரை நல்லவர் என்று நினைத்துவிடக் கூடாது.

நான் ஒச்சப்பன். பூபதி மகாராஜாவின் பட்டத்துப் பூனை மரகதத்துக்குத் தீனி வைப்பது என் வேலை. தினமும் ஒரு சட்டி மீன் சாறு வரும். சோற்றை அதில் பிசைந்து வைப்பேன். மரகதம் வழித்து நக்கிவிட்டுச் சிம்மாசனத்தடியில் கொழுகொழுவென்று படுத்துக்கொள்ளும்.

ஒருநாள் அந்தச் சாற்றின் வாசனையை மோந்துகொண்டே வைத்தியர் வந்தார்.

“மகாராஜா, ஈரத் தீனி பூனைக்குக் கபம். இடித்த கருவாட்டுத் தூளும் பொரியும் போதும். தாகம் எடுத்தால் அதுவே தண்ணீர் குடித்துக்கொள்ளும்.”

மகாராஜா தலையாட்டினார். அன்று முதல் சாற்றுச் சட்டி வைத்தியர் வீட்டுக்குப் போனது. அவருக்கு மட்டும் கபம் வராதாம்.

பத்தே நாளில் மரகதம் காய்ந்த வாழைநார் போல ஆனது. மணலில் போய் உட்காரும், முக்கும், இரண்டு சொட்டு விட்டுவிட்டுக் கத்தும். பக்கத்தில் வெள்ளிக் கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தது. அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

“கருவாட்டை இந்தத் திருடன் தின்கிறான். தண்ணீரும் வைப்பதில்லை” என்றார் வைத்தியர், சபை நடுவில்.

மகாராஜாவின் மீசை துடித்தது. “ஒச்சப்பா! நாளைப் பொழுது சாய்வதற்குள் சபை பார்க்க மரகதம் தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லையென்றால் கோட்டை வாசலைத் தாண்டிப் போய்விடு. திரும்பி வராதே.”

எனக்குப் பூனையை விட்டால் வேறு தொழில் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

“உத்தரவு மகாராஜா. ராஜ குடும்பத்துக்குப் பத்தியம் சொல்கிற வைத்தியர், நோய் தீரும்வரை தானும் அதே பத்தியம் இருக்க வேண்டுமாமே?”

“ஆமாம், பாட்டனார் காலத்து வழக்கம். யாரும் விஷம் வைத்துவிடக் கூடாதல்லவா?”

“மரகதம் ராஜ குடும்பந்தானே?”

“இதென்னடா கேள்வி? பட்டமே கட்டியிருக்கிறேன்!”

வைத்தியருக்கு அப்போதே நாக்கு உலர்ந்தது.

மறுநாள் காலை சபையில் வைத்தியருக்கு இலை போட்டோம். கருவாட்டுத் தூள், பொரி, பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர். நாலு வாய் விழுங்கியதும் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார்.

“கையை எடுங்கள் ஐயா. பூனைக்குக் கை ஏது? நக்கிக் குடியுங்கள்.”

மகாராஜாவும் “அதுதானே முறை” என்றார். வைத்தியர் குனிந்து நக்கினார். தாடி நனைந்தது. தொண்டை நனையவில்லை.

உச்சிப்பொழுதில் அலறினார். “மகாராஜா! இந்தத் தூளில் ஒரு கரண்டி சாறு ஊற்றச் சொல்லுங்கள்!”

“கபம் வருமே, ஐயா?”

“வரட்டும்டா, பாவி!”

வைத்தியர் வாயாலேயே வந்துவிட்டது. உடனே மீன் சாறு கொண்டுவந்தேன். எல்லோரும் பார்க்க அதில் மூன்று கரண்டி தண்ணீர் ஊற்றி, சோற்றைக் கரைத்து மரகதத்தின் முன்னால் வைத்தேன். மோந்தது. நக்கியது. தட்டு பளபளத்தது.

“அது சாறு! உத்தரவு தண்ணீருக்கு!” என்று வைத்தியர் குதித்தார்.

“மூன்று கரண்டி தண்ணீர் ஊற்றினேன், மகாராஜா. தட்டில் ஒரு சொட்டு இல்லை. நான் குடிக்கவில்லை. வைத்தியர் குடித்திருந்தால் இப்படிக் கத்தமாட்டார். பூனை தண்ணீரைத் தேடிப் போகிற சாதி இல்லை. எலியின் சதையில் இருக்கிற ஈரந்தான் அதற்குத் தண்ணீர்க் குடம். நாம் பட்டம் கட்டி எலி பிடிக்கவிடாமல் உட்கார வைத்துவிட்டோம். அப்புறம் தீனியில்தானே தண்ணீர் வைக்க வேண்டும்?”

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாம் நாள் மரகதம் மணலை நன்றாக நனைத்தது. அரண்மனையில் சங்கு ஊதினார்கள்.

சட்டி என்னிடம் திரும்பி வந்தது. பட்டுச் சால்வை வைத்தியருக்குப் போனது. தன் உடம்பை வருத்திப் பூனையின் தாகத்தைக் கண்டுபிடித்தாராம்.

சால்வை போகட்டும். திருடன் என்ற சொல்லை அதே சபையில் அவர் திரும்ப வாங்க வேண்டும். கேட்டால், “தொண்டை இன்னும் வறண்டிருக்கிறது, பேச வரவில்லை” என்று சைகை காட்டுகிறார். நானும் விடவில்லை. தினமும் ஒரு குவளை மீன் சாறோடு அவர் வாசலில் போய் நிற்கிறேன்.

குடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.