பொட்டு வைத்த லேப்டாப்

ஈரோட்டில் ஒரு ஜவுளி ஆபீஸ். அங்கே தண்டபாணி என்று ஒரு மேனேஜர். அவர் செருமினாலே பில் போடுகிறவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "திங்கக்கிழமையில இருந்து வீட்டுல இருந்தே வேலை. லேப்டாப் அவங்கவங்க செலவு. என் மச்சான் கடையில மலிவா ஒண்ணு இருக்கு, அதைத்தான் வாங்கோணும். வேண்டாங்கறவங்க வேலையை விட்டுட்டுப் போகலாம்."

மச்சான் கடையிலிருந்து மாதிரிக்கு வந்து மேஜைமேல் இருந்த லேப்டாப்பில் ஒரு பில்லைத் திறந்து பார்த்தார்கள். அது திறப்பதற்குள் கையிலிருந்த டீ ஆறிப்போனது. இதை வாங்கினால் வேலை முடியாது, வாங்காவிட்டால் வேலையே இருக்காது.

"ஆயுத பூஜைக்கு நானே இதுல ஒண்ணு வாங்கினேன். அன்னையில இருந்து ராத்திரி பகலா அதுலதான் வேலை பாக்கறேன்," என்றார் மேனேஜர்.

புதிதாகச் சேர்ந்த மயில்சாமி பயந்து பயந்து கேட்டான். "அப்ப உங்க லேப்டாப்பையே எனக்குக் குடுத்துருங்க சார். புது விலையே தந்தர்றேன். உங்க கை பழகினதுன்னா எனக்குத் தைரியமா இருக்குமுங்க."

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டிரைவரை அனுப்பி வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார்.

வந்தது. மூடியும் அடிப்பாகமும் சேருகிற இடத்தில், பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒரு கீறல்கூட விழாமல் காய்ந்து ஒட்டியிருந்தன.

மயில்சாமி அதைக் குனிந்து பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"பொட்டு கலையாம இதைத் தினமும் எப்படித் திறந்தீங்கன்னு மட்டும் காட்டிருங்க சார். நாங்க எல்லாருமே வாங்கிக்கறோம்."

மேனேஜர் செருமப் பார்த்தார். செருமல் வரவில்லை.