வெறுங்கோது

குருவைவிடச் சீடனுக்கு இருபது வயது கூட. நோர்வேயில் இப்படியும் நடக்கும்.

சீடன் யோகநாயகம். ஊர் பருத்தித்துறை. இப்போது சுவீடன் எல்லையோரக் காட்டூர் ஒன்றில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். குரு நிரோஜா. நோர்வேயிலேயே பிறந்தவள், தமிழை அம்மாவிடமும் காட்டை நாயிடமும் படித்தவள். வேட்டையில் காயம்பட்டு ஓடிய மிருகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அவளுக்கும் அவளுடைய நாய் பம்சேக்கும் வேலை. யோகநாயகம் அவளைப் பகிடிக்குத்தான் ரீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார். பிறகு பகிடி போய்விட்டது, ரீச்சர் நிலைத்துவிட்டது.

பகிடி போனது போன வருஷ எல்க் வேட்டையில். எல்க் என்பது மாட்டைவிட உயரமான ஒரு மான். யோகநாயகம் சுட்டார், மான் ஓடிவிட்டது. நிரோஜாவும் பம்சேயும் அதை அடுத்த நாள் மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை அது உயிரோடு கிடந்தது. அவருடைய பங்கு இறைச்சி வீட்டுக்கு வந்து, மனைவி நல்ல உறைப்பாகப் பிரட்டல் வைத்தாள். அவருக்கு ஒரு துண்டு தொண்டையால் இறங்கவில்லை.

இன்னொரு முறை அப்படி நடந்தால் துவக்கை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு செய்தாரே தவிர மனம் ஒப்பவில்லை. விடியப்புறம் அந்தச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குந்தியிருக்கிற நேரத்தில் மட்டும்தான், தானும் இந்த நாட்டுக்காரன் என்று அவருக்குத் தோன்றும். அதை எப்படி விற்பது?

ஆகவே பழியைத் தோட்டாவின்மேல் போட்டார். அவருடைய துவக்கு ஆறரை மில்லிமீற்றர். அவ்வளவு பெரிய மிருகத்துக்கு இந்த மெல்லிய சன்னம் எந்த மூலைக்கு? மாரிகாலம் முழுக்க இருந்து வாசித்தார். ஒன்பது புள்ளி மூன்றா, முன்னூற்று முப்பத்தெட்டு மக்னமா? ஒரு கலியாணப் பந்தியில் பக்கத்தில் இருந்தவருக்குச் சன்னத்தின் எடையும் வேகமும் விளங்கப்படுத்தியதில், அந்த மனுஷன் பாயாசம் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்.

கடைசியில் நிரோஜாவிடம் போனார்.

"ரீச்சர், இந்த முறை எந்தத் தோட்டா வேண்டுறது?"

அவள் நாய்க்கு உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் வேண்டுறது?"

"நான்தான். வேறை ஆர்?"

அவள் சிரித்தாள். துவக்கோடு சூட்டுத் திடலுக்கு வரச் சொன்னாள்.

வேட்டைக் குழுத் தலைவரிடம் ஒன்பது மூன்று துவக்கு ஒன்றை இரவல் கேட்டு எடுத்து, தன்னுடைய ஆறரையையும் கொண்டு போனார். தோட்டாவை நானே போட்டுத் தருகிறேன் என்றாள் நிரோஜா. திரும்பி நின்று போட்டாள், கொடுத்தாள். முதல் வெடி காடெல்லாம் கேட்டது. குறிக்கு நிறுத்தியிருந்த அட்டை மானின் வயிற்றுக்குக் கீழே எங்கேயோ பட்டது. அவருக்குத் தோள் நொந்தாலும் முகம் மலர்ந்தது. இதல்லவா தோட்டா.

திரும்பவும் போட்டுக் கொடுத்தாள். குறி பார்த்தார், விசையை இழுத்தார்.

டிக் என்றது. அவ்வளவுதான். ஆனால் துவக்கின் வாய் நிலத்தைப் பார்த்துக் குத்திக்கொண்டு நின்றது. அவருடைய கண் இறுக மூடியிருந்தது. பம்சே தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"பழுதான தோட்டா," என்றார் யோகநாயகம்.

"இல்லை அண்ணை. வெறுங்கோது. உள்ளுக்கை மருந்தே இல்லை."

ஆறரையைக் கொடுத்துப் பார்த்தாள். அதிலும் வெறுங்கோதுதான். இந்த முறை அவருக்குச் சந்தேகம் இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். டிக். துவக்கின் வாய் அதேபோல நிலத்தைக் குத்தியது.

"போன வருசம் அந்த மான் எவடத்திலை வெடி வேண்டினது?" என்று கேட்டாள். ஊர்ப் பேச்சில் கடையில் வாங்குவதும் வேண்டுறதுதான், உடம்பில் வாங்குவதும் வேண்டுறதுதான்.

அவர் யோசித்தார். சத்தம் நினைவிருந்தது. மான் ஓடினது நினைவிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

"கேட்டனான், பிள்ளை. காணேல்லை."

முதல் முறையாக ரீச்சர் என்று சொல்ல மறந்துவிட்டார். வெடிச் சத்தம் வரப்போகிறதென்றால் உடம்பு முந்திக்கொண்டு குனியும். அது ஷெல் விழுந்த காலத்தில் ஊரில் பழகினது. சண்டை ஓய்ந்துவிட்டதென்று அவருக்குத் தெரியும். உடம்புக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை. அவருக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நிரோஜா பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

ஒன்பது மூன்று திரும்பிப் போனது. அதன் பிறகு பின்னேரங்களில் பஸ்ஸை நிறுத்திவிட்டு நேரே திடலுக்கு வந்தார். அவள் போட்டுக் கொடுப்பாள். மருந்துள்ளதா, வெறுங்கோதா, அவருக்குத் தெரியாது. டிக், டிக், டிக், பிறகு ஒரு வெடி. துவக்கின் வாய் குத்துவது மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு நாள் வெறுங்கோது என்றே நினைத்து ஆறுதலாக இழுத்தார், வெடித்தது. கண் திறந்திருந்தது. அட்டை மானின் நெஞ்சில் ஓட்டை விழுவதை அவரே கண்டார். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

வேட்டை தொடங்கிய காலை பனிப்புகார் கலைந்தபோது, சதுப்பு நிலத்தைக் கடந்து ஒரு ஆண் எல்க் வந்தது. முதலில் நேர் எதிரே முகம் காட்டி நின்றது. அவர் சுடவில்லை. அது பக்கவாட்டில் திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். பிறகு அதே ஆறரையால் ஒரு வெடி. மான் கொஞ்சத் தூரம் நடந்து, எதையோ யோசிப்பதுபோல் நின்று, முன்னங்கால்களை மடித்துப் படுத்தது. பிறகு அசையவில்லை.

நிரோஜா நாயோடு வந்து சேர்ந்தாள். தேடுவதற்கு ஒன்றும் இல்லாததால் பம்சே பாசியில் படுத்து உருண்டது.

"எவடத்திலை?"

"முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னாலை. கண்டனான்."

அவள் தலையாட்டினாள். மற்றவர்கள் வந்து அவருடைய முதுகில் தட்டி, நெருப்பு மூட்டிக் கோப்பி வைத்தார்கள். வெயில் மேலே வந்தது. யோகநாயகத்துக்கு மனம் நிறைந்திருந்தது. இந்த முறை பிரட்டல் தொண்டையால் இறங்கும் என்று தெரிந்தது. மனம் நிறைந்தால் மனுஷனுக்குப் பழைய ஆசை எட்டிப் பார்க்கும்தானே. கோப்பியை ஊதிக் குடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எண்டாலும் ரீச்சர், வாற வருசத்துக்கு அந்த ஒன்பது மூண்டை வேண்டினால் என்ன?"

நிரோஜா மான் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஆர் வேண்டுறது, அண்ணை?"

அவரும் திரும்பிப் பார்த்தார். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, தன்னுடைய ஆறரையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.